டீசல் ஷண்டிங் எஞ்சின் மாடலை மதிப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாயின்டில் (தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில்) ஏன் நிற்கிறது, எத்தனை பெட்டி இழுக்கும், இந்த நம்பருக்கு இந்தப் புகைபோக்கி சரியா என்று ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் இந்தத் தொகுப்பு. அமெரிக்க டீசல் ஸ்விட்சர்களின் எச்ஓ அளவு மாடல்களை (1:87.1, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ.) வைத்து எழுதப்பட்டது. அதைவிடச் சிறிய 'என்' (N) அளவு வைத்திருப்பவர்கள் 19-ஆம் கேள்வியையும் சேர்த்துப் படிக்கவும்.

1. ஸ்விட்சர்னா ஷண்டிங் எஞ்சின்தானே? அதுக்கு எதுக்குத் தனியா ஒரு மதிப்பீடு?

ஷண்டிங் எஞ்சின்தான். யார்டில் பெட்டிகளைப் பிரித்து, சேர்த்து, வரிசை மாற்றி வைக்கும் எஞ்சினுக்கு அமெரிக்காவில் ஸ்விட்சர் என்று பெயர். ஒரு முனையில் கேபின், மீதி நீளமெல்லாம் குறுகலான ஹூட் (எஞ்சினை மூடும் கூடு), அடியில் இரண்டிரண்டு அச்சு கொண்ட இரண்டு போகி (சக்கரங்களைத் தாங்கும் சட்டம்). அமெரிக்கத் தயாரிப்பாளரான இஎம்டியின் என்டபிள்யூ2 (1939–1949), எஸ்டபிள்யூ7 (1949–1951), எஸ்டபிள்யூ9 (1951–1953), எஸ்டபிள்யூ1200 (1954–1966), எஸ்டபிள்யூ1500 (1966–1974), இன்னொரு தயாரிப்பாளரான ஆல்கோவின் எஸ்-1, எஸ்-2, எஸ்-4 ஆகியவை மாடலாக அதிகம் வந்தவை.

மெயின்லைன் எஞ்சின் ஒரு வேகத்தைப் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் குறைகள் அந்த ஓட்டத்தில் மறைந்துவிடும். ஸ்விட்சரின் வேலையோ ஊர்வது, நிற்பது, பின்வாங்குவது, அதுவும் பாயின்ட்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தில். போதாததற்கு மோட்டார், டிகோடர் (கட்டளையைப் படித்து மோட்டாரை இயக்கும் சிறு மின்பலகை), ஸ்பீக்கர், எடைக்கட்டி எல்லாம் இரண்டு விரல் அகலம்கூட இல்லாத ஹூட்டுக்குள் அடங்க வேண்டும். பெரிய எஞ்சின்களைப் பிரமாதமாகச் செய்யும் தயாரிப்பாளர்கள்கூட இதில் சறுக்குவது அதனால்தான்.

2. பெட்டியைத் திறந்ததும் முதல்ல என்ன பாக்கணும்?

எஞ்சினைப் பார்க்கும் முன் பெட்டியைப் பாருங்கள். ஃபோமிலும் பிளாஸ்டிக் தாளிலும் உதிர்ந்த ஏணிப்படி, ஹாரன், கண்ணாடித் துடைப்பான் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றைப் பொறுக்கி எடுக்கும்வரை எதையும் குப்பையில் போட வேண்டாம். தூக்கும்போது ஒரு கையின் விரல்கள் அடியிலுள்ள டீசல் தொட்டியைப் பிடிக்கட்டும். கைப்பிடிக் கம்பியில் விரல் படக்கூடாது. போகிகளுக்கு இடையே செருகியிருக்கும் பிளாஸ்டிக் துண்டுகளை எடுத்துவிட்டுத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும்.

அடுத்து ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பாருங்கள். எட்டுச் சக்கரமும் கண்ணாடியைத் தொட வேண்டும். மூலைக்கு மூலை அழுத்தினால் ஆடக்கூடாது. பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்தால் நடைமேடையின் (எஞ்சினிலேயே ஹூட்டை ஒட்டி நடக்கும் தளத்தின்) விளிம்பு நேர்க்கோடாகத் தெரிய வேண்டும். நடு உயர்ந்து வாழைப்பழம்போல வளைந்திருந்தால் பெரும்பாலும் மேல்கூட்டின் திருகை அளவுக்கு மீறி முறுக்கியிருப்பார்கள். கால் சுற்று தளர்த்தினால் சரியாகிவிடும்.

3. அளவு சரியா இருக்கான்னு எத்தனை இடத்துல அளக்கணும்?

நான்கு போதும். கணக்கு எளிது: எச்ஓவில் அசலின் ஒரு அடி என்பது மாடலில் 3.5 மி.மீ. என்டபிள்யூ2, எஸ்டபிள்யூ7, எஸ்டபிள்யூ9 எல்லாம் கப்ளர் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி) முகத்திலிருந்து கப்ளர் முகம்வரை 44 அடி 5 அங்குலம், மாடலில் 155.5 மி.மீ. வரவேண்டும். ஒரு போகியின் இரு அச்சுகளுக்கு இடையே 8 அடி, அதாவது 28 மி.மீ. முதல் அச்சிலிருந்து கடைசி அச்சுவரை 30 அடி, அதாவது 105 மி.மீ. சக்கரம் 40 அங்குல விட்டம், மாடலில் 11.7 மி.மீ. சக்கரத்தை அளக்கும்போது விளிம்புப் பட்டையை விட்டுவிட்டு, தண்டவாளத்தில் உருளும் பரப்பைத்தான் அளக்க வேண்டும்.

நீளத்தில் அரை மி.மீ. கூடக்குறைய இருந்தால் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஹூட்டின் அகலத்தில் ஒரு மி.மீ. கூடினால் முகமே மாறிவிடும். பழைய மாடல்கள் பலவற்றில் மோட்டாரை நுழைப்பதற்காகவே ஹூட்டை அகலப்படுத்தியிருப்பார்கள். அந்தக் குறையைச் சரிசெய்ய வழியே இல்லை. சரிசெய்ய முடிகிற குறை எது, முடியாத குறை எது என்ற கேள்வியை இங்கிருந்தே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 18-ஆம் கேள்வியில் அதுதான் தீர்ப்பு சொல்லப்போகிறது.

4. எஸ்-2ன்னா என்ன, எஸ்-4ன்னா என்ன? பாக்க ஒரே மாதிரிதானே இருக்கு?

ஹூட்டும் கேபினும் கிட்டத்தட்ட ஒன்றுதான். குனிந்து போகியைப் பாருங்கள். எஸ்-2வின் அடியில் இருப்பது பிளன்ட் வகைப் போகி. எஸ்-4இல் இருப்பது அமெரிக்க ரயில்வே சங்கத்தின் (ஏஏஆர்) ஏ வகைப் போகி, இஎம்டி ஸ்விட்சர்களின் அடியிலும் காண்பது அதே வகைதான். எஸ்-1க்கும் எஸ்-2வுக்கும் வித்தியாசம் மேலே தெரியும்: எஸ்-1இன் 660 குதிரைத்திறன் எஞ்சினில் டர்போ கிடையாது, புகைபோக்கி ஒல்லி. எஸ்-2வின் 1,000 குதிரைத்திறன் எஞ்சினில் டர்போ உண்டு, புகைபோக்கி தடிமன்.

இஎம்டி வரிசையில் வேறுபாடுகள் இன்னும் நுணுக்கமானவை: ஹூட் பக்கவாட்டில் காற்றுப்பிளவுகள் எத்தனை, எந்த உயரத்தில், முன்முகக் கிரில் எவ்வளவு பெரிது, புகைபோக்கிகளின் வடிவம். ஒரே அச்சில் வார்த்த கூட்டை மூன்று மாடல் பெயர்களில் விற்பதும் நடக்கும். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட பெயரை நம்பாமல், அசல் எஞ்சினின் படத்தை வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள்.

5. அட்டைப்பெட்டியில "நம்பருக்கேத்த விவரங்கள்"னு போட்டிருக்கான். அதை எப்படிச் சரிபாக்குறது?

அதே நம்பர் எஞ்சினின் படம் வேண்டும்; எந்த ஆண்டு எடுத்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே எஞ்சின் 1952இல் ஒரு மாதிரியும் 1975இல் வேறு மாதிரியும் இருந்திருக்கும். இரண்டு பக்கமும் இரண்டு முனையும் தெரிகிற படங்கள் கிடைத்தால் நல்லது. கூரை தெரிகிற படம்தான் அபூர்வம், வாக்குவாதம் வருவதும் கூரையில்தான்.

ஒப்பிட வேண்டியவை: முன்விளக்கு ஒற்றையா இரட்டையா, மணி எங்கே, ஹாரன் ஒரு குழலா மூன்று குழலா, புகைபோக்கியின் மேல் தீப்பொறி தடுப்பான் உண்டா, கேபின் கூரையில் ரேடியோ ஆன்டெனா உண்டா, முனையில் பல எஞ்சின்களை இணைத்து ஓட்டும் குழாய்கள் உண்டா. கடைசியாகச் சொன்னதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். தனியாகவே வேலை செய்த ஸ்விட்சர்கள் பலவற்றில் அந்தக் குழாய்களே கிடையாது. மாடலில் பார்த்தால் தோரணம்போலத் தொங்கும்.

காலம் காட்டும் இன்னொரு விஷயம் முனைப் படி. பழைய காலத்தில் யார்டு ஊழியர்கள் நின்றபடி போகும் குறுக்குப்பலகை இரண்டு முனையிலும் இருந்தது. ஆபத்தானது என்று 1970களில் அது ஒழிக்கப்பட்டு, மூலைப் படிகள் வந்தன. 1980களின் பெயின்ட் அடித்த மாடலில் குறுக்குப்பலகை இருந்தால் தயாரிப்பாளர் பழைய அச்சையே ஓட்டியிருக்கிறார் என்று பொருள்.

6. கைப்பிடிக் கம்பி பிளாஸ்டிக்ல இருந்தா மட்டமா? உலோகத்துலதான் இருக்கணுமா?

இரண்டிலும் நன்மை தீமை உண்டு. கம்பி மெலிதாக, நேராக, அசலைப்போல இருக்கும். ஒருமுறை வளைந்தால் பழைய நேர் திரும்ப வராது. வளையும் தன்மையுள்ள அசிட்டல் பிளாஸ்டிக் இடித்தாலும் திரும்பி நிற்கும். ஆனால் அதில் பெயின்ட் சரியாகப் பிடிக்காது; வளைகிற இடத்தில் உரிந்து உள்நிறம் எட்டிப்பார்க்கும். பெட்டிக்குள் அழுந்தியே கிடந்ததால் அலையலையாகவும் இருக்கலாம். சூடான தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி, நேராகப் பிடித்து ஆறவிட்டால் ஓரளவு நிமிரும்.

அடிக்கடி கையில் எடுக்கிற எஞ்சின் என்றால் பிளாஸ்டிக் தூண்களும் உலோகக் கம்பியும் கலந்த அமைப்பே மேல்.

7. கைப்பிடிகள் தனியா பொருத்தியிருக்கணும்னு சொல்றாங்களே, எவ்வளவு மெலிசா இருந்தா சரி?

அசலில் முக்கால் அங்குலக் கம்பி. எச்ஓவில் அது 0.22 மி.மீ. அவ்வளவு மெலிதாக வைத்தால் விரல் பட்டதும் போய்விடும். 0.3 மி.மீ. வரை கண்ணுக்கு உறுத்தாது. 0.5 மி.மீ. ஆனால் தண்ணீர்க் குழாய்போலத் தெரியும்.

கம்பியைவிட முக்கியமான இடங்கள் இரண்டு. ஒன்று, படிகளும் நடைமேடையும்: அசலில் ஓட்டையுள்ள தகடாக இருக்கும் இடத்தில் மாடலிலும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். இன்னொன்று ரேடியேட்டர் கிரில். பின்னால் கறுப்புச் சுவரை வைத்து மூடியிருக்கிறார்களா, உள்ளே ஆழம் தெரிகிறதா என்று பாருங்கள். மனிதக் கண் இந்த முகத்தைத்தான் முதலில் பார்க்கும்.

8. பெயின்ட் நல்லா இருக்கா இல்லையான்னு எதை வச்சுச் சொல்றது?

பக்கவாட்டிலிருந்து விளக்கைக் காட்டுங்கள். ரிவெட் தலைகளும் கதவுக் கீல்களும் கூர்மையாக நிழல் விட்டால் பூச்சு மெலிது. மழுங்கித் தெரிந்தால் தடிமன். கோடுகள் ஹூட் கதவிலிருந்து கேபினுக்குத் தாண்டும் இடத்தில் ஒரே உயரத்தில் சேர வேண்டும். மஞ்சளும் வெள்ளையும் கறுப்புப் பிளாஸ்டிக்கின் மேல் அடிக்கப்பட்டால் மூலைகளில் சாம்பல் தட்டும், அங்கே பாருங்கள். எழுத்துகளுக்கு ஒரு பத்து மடங்கு லென்ஸ் போதும்: விளிம்பு பிசிறில்லாமல், தயாரிப்பாளர் தகடு படிக்கும்படி இருந்தால் நல்ல அச்சு.

நிறம் சரியா என்ற சண்டையில் இறங்குவதென்றால் பகல் வெளிச்சத்தில் இறங்குங்கள். மஞ்சள் பல்பின் கீழ் எல்லாப் பச்சையும் தப்பாகத்தான் தெரியும்.

9. எவ்வளவு மெதுவா ஓடினா நல்ல ஸ்விட்சர்? அதை எப்படி அளக்கிறது?

முதலில் பழக்க வேண்டும். பெட்டி எதுவும் இல்லாமல், நடுத்தர வேகத்தில், முன்னே அரை மணி, பின்னே அரை மணி ஓடவிடுங்கள். பிறகு சக்கரங்களைத் துடைத்து, டிசிசி (டிகோடருக்கு எண்முறைக் கட்டளை அனுப்பி ஓட்டும் முறை) என்றால் சிவி3, சிவி4 இரண்டையும் 0 ஆக்குங்கள். சிவி என்பது டிகோடருக்குள் நாம் மாற்றக்கூடிய அமைப்பு எண். அவற்றில் மதிப்பு இருந்தால் வேகம் படிப்படியாக ஏறி இறங்கும், மோட்டாரின் உண்மைக் குணம் தெரியாது.

தண்டவாளத்தில் சரியாக 1 மீட்டருக்கு இரண்டு அடையாளம் வையுங்கள். எத்தனை விநாடியில் கடக்கிறதோ அந்த எண்ணால் 313ஐ வகுத்தால் அசலுக்கு நிகரான வேகம் மணிக்குக் கிலோமீட்டரில் கிடைக்கும். 105 விநாடி என்றால் 3 கி.மீ. 31 விநாடி என்றால் 10 கி.மீ. 128 வேகப் படிகளில் முதல் படியில், நிற்காமல் துடிக்காமல் 3 கி.மீ.க்குக் கீழே ஊர்ந்தால் அது நல்ல எஞ்சின். ஸ்லீப்பர் ஸ்லீப்பராக எண்ணிக்கொண்டு போவதுபோல இருக்க வேண்டும். ஊர்ந்துகொண்டிருக்கும்போது அதை ஒருமுறை நிறுத்தி, அதே படியில் மீண்டும் கிளப்புங்கள். விரலால் தட்டினால்தான் கிளம்பும் என்றால் மதிப்பெண்ணைக் குறைத்துவிடலாம்.

மேல்வேகத்தையும் பாருங்கள். இஎம்டி ஸ்விட்சரின் வழக்கமான கியர் விகிதத்துக்கு மணிக்கு 65 மைல், அதாவது 105 கி.மீ. உச்சம்; மாடலில் 1 மீட்டருக்கு 3 விநாடி. ஒரு விநாடியில் பறக்கிறது என்றால் கியர் விகிதம் பொருந்தவில்லை. அதன் விலையை மெதுவேகத்தில் கொடுக்க வேண்டியிருக்கும்.

10. டிசில (சாதாரண நேர்மின்சாரத்துல) நல்லா ஓடுது, டிகோடர் போட்டதும் விக்கல் எடுத்த மாதிரி போகுது. ஏன்?

பெரும்பாலும் மோட்டாரின் எதிர்மின்னழுத்தத்தை அளந்து வேகத்தைத் திருத்தும் அமைப்பு இந்த மோட்டாருக்குப் பொருந்தவில்லை. திருத்தம் அதிகமானால் எஞ்சின் துடிக்கும். குறைந்தால் தாழ்ந்த வேகத்தில் நின்றுவிடும். அதற்கான சிவி எண்கள் டிகோடருக்கு டிகோடர் வேறு, கையேட்டைப் பார்த்துச் சிறு சிறு அடியாக மாற்றுங்கள். சில டிகோடர்களில் மோட்டாரைத் தானே அளந்து பழகும் வசதி உண்டு. அதை முதலில் ஓடவிடுவது புத்திசாலித்தனம். கிளம்பவே தயங்கினால் சிவி2ஐ ஒவ்வொன்றாகக் கூட்டிப் பாருங்கள்.

கட்டளை இல்லாமலே எஞ்சின் திடீரென முழு வேகத்தில் ஓடினால் அது வேறு நோய். மின்தொடர்பு ஒரு கணம் விட்டுப்போய், டிகோடர் தன்னைச் சாதாரண டிசியில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. சிவி29இல் அந்த அனுமதியை எடுத்துவிடுங்கள்: மதிப்பு 6 என்றால் 2 ஆக்கவும், நீண்ட முகவரி வைத்து 38 என்று இருந்தால் 34.

11. பாயின்ட் மேல போகும்போது மட்டும் நின்னுடுது. எஞ்சின் தப்பா, பாயின்ட் தப்பா?

பிளாஸ்டிக் ஃபிராக் (தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்துத் துண்டு) உள்ள பாயின்டில் மின்சாரம் இல்லாத இடம் சில சென்டிமீட்டர்தான். 3-ஆம் கேள்வியில் பார்த்த கணக்குப்படி எஞ்சினின் முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் 105 மி.மீ. இடைவெளி. எட்டுச் சக்கரமும் மின்சாரம் எடுத்தால் எப்போதும் யாராவது ஒருவர் நல்ல இடத்தில் நிற்பார். எனவே நிற்கிறது என்றால் முதல் சந்தேகம் எஞ்சின் மேல்தான்.

காகிதச் சோதனை செய்யுங்கள். ஒரு போகியின் அடியில் மட்டும் காகிதத்தை வைத்து மின்சாரம் கொடுத்தால், மற்ற போகியின் தயவில் மோட்டார் சுற்ற வேண்டும். பிறகு போகியை மாற்றுங்கள். எந்தப் போகி தனியாக நின்று காப்பாற்றவில்லையோ அங்கே நோய். அடுத்து காகிதத்தை ஒரு பக்கத்தில் ஒரே சக்கரம் மட்டும் தண்டவாளத்தைத் தொடும்படி நறுக்கி வைத்து (எதிர்ப்பக்கச் சக்கரங்கள் தொட்டபடியே இருக்கட்டும்), எட்டையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். வழக்கமான குற்றவாளிகள்: சக்கரத்தின் பின்பக்கத்தைத் தொடும் வெண்கலத் தகடு விலகியிருப்பது, அதன்மேல் எண்ணெய், போகியிலிருந்து வரும் ஒயரின் பற்றவைப்பு விட்டிருப்பது.

எட்டும் சரி என்ற பிறகும் நின்றால், அது நிற்பதில்லை, ஷார்ட் ஆகிறது. 15-ஆம் கேள்விக்குப் போங்கள்.

12. மின்சாரத்தைச் சேமிச்சு வைக்கிற கெப்பாசிட்டர் போட்டா இந்தப் பிரச்சினையே இருக்காதே?

இருக்காது, ஆனால் அது ஊன்றுகோல். மேலே சொன்ன எட்டுச் சக்கரச் சோதனையை அதைக் கழற்றிவிட்டோ செயலிழக்கச் செய்தோதான் நடத்த வேண்டும், இல்லாவிட்டால் மட்டமான மின்தொடர்பு உள்ள எஞ்சினும் நூற்றுக்கு நூறு வாங்கிவிடும். கெப்பாசிட்டரோடு வரும் எஞ்சின்களில் சில, நிரல் எழுதும் தண்டவாளத்தில் சிவிகளைப் படிக்க மறுக்கும். அப்போது டிகோடர் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம்.

13. ஓடும்போது டிக் டிக்னு சத்தம். எங்கேர்ந்து வருதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தூரத்தை அளந்தால் சத்தமே சொல்லிவிடும். 11.7 மி.மீ. சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 37 மி.மீ. நகரும். ஒவ்வொரு 37 மி.மீ.க்கும் ஒரு டிக் கேட்டால் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் அச்சு கியரில் கோளாறு: பிளாஸ்டிக் கியர் நீளவாக்கில் விரிசல் விட்டு, ஒரு பல் இடைவெளி அகன்றிருக்கும். உலோக அரையச்சுகளை இறுக்கமாகச் செருகியிருக்கும் கியர்களுக்கு ஆண்டுகள் போகப்போக வருகிற நோய் இது. ஒட்டுவதில் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

சத்தம் இதைவிட மிக அடிக்கடி, மோட்டாரின் வேகத்தோடு ஏறி இறங்கினால் வார்ம் கியரையோ (மோட்டாரின் சுழற்சியை அச்சுக்குக் கொடுக்கும் திருகு வடிவ கியர்) மோட்டார் இணைப்பையோ பாருங்கள். ஒரு திசையில் மட்டும் உறுமினால் வார்மின் முனையில் இருக்கும் இடைவெளி அதிகம். மெல்லிய வாஷர் ஒன்று தீர்த்துவைக்கும். எண்ணெயை ஊற்றி அமுக்கப் பார்க்காதீர்கள். தாங்கிக்கு ஊசிமுனைத் துளி, கியருக்குப் பிளாஸ்டிக்கைக் கெடுக்காத கிரீஸ் கொஞ்சம், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் சக்கரத்துக்கு வழிந்து, இழுவையைக் கெடுக்கும்.

14. இது எத்தனை பெட்டி இழுக்கும்?

இழுவிசையை அளந்தால் கணக்கே போட்டுவிடலாம். மேசை விளிம்பில் ஒரு சிறு கப்பி, எஞ்சின் கப்ளரில் கட்டிய நூல், அதன் மறுமுனையில் தொங்கும் கிண்ணம். கிண்ணத்தில் சிறிது சிறிதாக எடை சேர்த்து, சக்கரம் வழுக்காமல் தூக்கக்கூடிய அதிகபட்ச எடையைக் குறியுங்கள். ரப்பர் வளையம் இல்லாத சக்கரங்களுக்கு அது எஞ்சினின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு அருகில் வரும்: 300 கிராம் எஞ்சினுக்குச் சுமார் 60 கிராம்.

என்எம்ஆர்ஏ என்னும் அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தின் பரிந்துரைப்படி 40 அடிப் பெட்டியின் எடை சுமார் 106 கிராம். சமதளத்தில் அதை நகர்த்த அதன் எடையில் 3 சதவீதம், அதாவது 3.2 கிராம் விசை என்று வையுங்கள். 60 கிராமுக்கு ஏறக்குறைய 19 பெட்டி வருகிறது. 100க்கு 2 ஏற்றத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் 2.1 கிராம் கூடும். எஞ்சினுக்கே 6 கிராம் போய்விடும். மீதி 54ஐ 5.3ஆல் வகுத்தால் 10 பெட்டிதான். வளைவு இருந்தால் இன்னும் குறையும். யார்டு வேலைக்கு இதுவே தாராளம்.

ஒரு வேடிக்கை: அசல் என்டபிள்யூ2 சுமார் 112 டன். அதை 87.1 × 87.1 × 87.1 ஆல் வகுத்தால் மாடல் 170 கிராம்தான் இருக்க வேண்டும். எடையில் அசலுக்கு உண்மையாக இருந்தால் வேலைக்கு ஆகாது. சக்கரத்தில் ரப்பர் வளையம் போட்டு இழுவையைக் கூட்டுவதைப் பெரிய எஞ்சினில் ஏற்கலாம், ஸ்விட்சரில் வேண்டாம். வளையம் போட்ட ஒவ்வொரு சக்கரமும் மின்சாரம் எடுப்பதை நிறுத்திவிடும், எட்டு ஆறாகும்.

இந்தச் சோதனையிலேயே இன்னொன்றும் தெரியும். சுமை மீறும்போது சக்கரம் வழுக்கிச் சுற்ற வேண்டும். வழுக்காமல் மோட்டார் நின்றுபோனால், என்றாவது ஒரு நாள் மோட்டாரோ டிகோடரோ கருகும்.

15. சக்கர இடைவெளியை நாமே அளக்கணுமா? புதுசா வாங்கினதுதானே?

அளக்கத்தான் வேண்டும். இரு சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு இடையே 14.4 மி.மீ.க்கு ஒட்டி இருக்க வேண்டும். என்எம்ஆர்ஏவின் தகட்டளவி இருந்தால் செருகிப் பார்த்தாலே போதும். இடைவெளி குறைந்தால் சக்கரத்தின் முதுகு பாயின்டின் காவல் தண்டவாளத்தில் உரசி ஏறும். கூடினால் சக்கரம் ஃபிராக் மூக்கில் முட்டும். சில சமயம் எதிர் மின்முனையுள்ள தண்டவாளத்தைத் தொட்டு ஷார்ட் ஆக்கும். சரிசெய்ய, இரு சக்கரத்தையும் விரலால் பிடித்துத் திருகியபடியே இழுக்கவோ அழுத்தவோ வேண்டும். கியர் நடுவிலேயே இருக்கும்படி இரண்டு பக்கமும் சமமாக நகர்த்துங்கள்.

சக்கரத்தின் அகலம் கண்ணுக்கான விஷயம். வழக்கமானது 2.8 மி.மீ., மெலிந்த வகை 2.2 மி.மீ., அசலுக்குச் சரியானது 1.6 மி.மீ. மெலிந்ததை வாங்கினால் பாயின்ட்கள் துல்லியமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஃபிராக் பள்ளத்தில் இறங்கி இறங்கி ஏறும்.

16. பெட்டியோட சேரும்போது கப்ளர் சரியா மாட்டலை. உயரமா, ஸ்பிரிங்கா?

உயரத்தை முதலில் பாருங்கள். கப்ளரின் நடு, தண்டவாளத்தின் தலையிலிருந்து ஏறக்குறைய 9.9 மி.மீ. மேலே இருக்க வேண்டும். கேடி நிறுவனத்தின் உயர அளவியை வைத்து இரண்டு முனையையும் சோதிக்கலாம். அடியில் வளைந்து தொங்கும் கம்பிக்கும் தண்டவாளத்துக்கும் 0.8 மி.மீ. இடைவெளி வேண்டும். தாழ்ந்தால் பாயின்டில் மாட்டி எஞ்சினையே தூக்கிவிடும்.

உயரம் சரி, ஆனால் தலை தொங்குகிறது என்றால் கப்ளர் பெட்டிக்குள் 0.25 மி.மீ. வாஷர் ஒன்று. தலையை ஒரு பக்கம் தள்ளி விட்டால் தானாக நடுவுக்கு வர வேண்டும். வராவிட்டால் உள்ளே பெயின்டோ வார்ப்புப் பிசிறோ தடுக்கிறது. பக்கத்தில் தொங்கும் பிரேக் குழாயில் கப்ளர் இடிப்பதும் உண்டு. கூடுதல் விவரம் ஓட்டத்துக்கு எதிராகத் திரும்பும் இடம் இது.

17. சவுண்ட் வச்ச மாடல். சத்தம் "ஒரிஜினலா"ன்னு எப்படித் தெரியும்?

எஞ்சின் வகையைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். என்டபிள்யூ2, எஸ்டபிள்யூ7, எஸ்டபிள்யூ9 மூன்றிலும் இருப்பது இஎம்டியின் 12 சிலிண்டர் 567, இரண்டு ஸ்டிரோக். அது சீரான, நெருக்கமான முழக்கம். எஸ்டபிள்யூ1இல் அதே 567இன் 6 சிலிண்டர், எஸ்டபிள்யூ1500இல் 12 சிலிண்டர் 645. ஆல்கோ எஸ்-2வோ நான்கு ஸ்டிரோக், நேர்வரிசை 6 சிலிண்டர். ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் காதில் விழும் குதிநடை. எஸ்-2 மாடலில் 567 முழங்கினால் கண்ணை மூடிக்கொண்டு நிராகரிக்கலாம். டைனமிக் பிரேக் ஒலி பட்டனில் இருந்தால், பெரிய எஞ்சினின் கோப்பை அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். ஸ்விட்சர்களில் பொதுவாக அந்த பிரேக் கிடையாது.

ஒலி அளவைப் பாதியாக்கிக் கேளுங்கள். முழு அளவில் சிறு ஸ்பீக்கர் எல்லாமே கரகரக்கும். பாதியிலும் கரகரத்தால் ஸ்பீக்கரின் பின்பெட்டி காற்றுப்புகாமல் அடைபடவில்லை, அல்லது மேல்கூட்டில் எங்கோ இடிக்கிறது. விளக்கு எல்இடியின் ஒளி கூட்டின் ஓரங்களில் கசிகிறதா என்றும் இருட்டில் பார்த்துவிடுங்கள்; உட்பக்கம் கறுப்பு பூசினால் தீரும்.

18. ஒண்ணு அழகா இருக்கு, சுமாரா ஓடுது. இன்னொண்ணு அருமையா ஓடுது, விவரம் கம்மி. எதை எடுக்கட்டும்?

ஸ்விட்சராக வேலை வாங்கப்போகிறீர்கள் என்றால் ஓடுவதை எடுங்கள். விவரத்தைக் கையால் சேர்க்கலாம்: 0.3 மி.மீ. கம்பி, 0.35 மி.மீ. துளைமுனை, ஒரு மாலை நேரம் இருந்தால் வார்த்தெடுத்த கைப்பிடிகளைச் சீவிவிட்டுத் தனிக் கம்பி போட்டுவிடலாம். ஹாரன், ஆன்டெனா, தீப்பொறி தடுப்பான் எல்லாம் தனியே கிடைக்கும்.

சுமாராக ஓடுகிறது என்பதிலும் வகை உண்டு. சிவி, மின்தொடர்புத் தகடு, சக்கர இடைவெளி ஆகியவற்றால் வருவது போய்விடும். அகன்ற ஹூட், தவறான போகி, பொருந்தாத கியர் விகிதம், சுமையில் நின்றுபோகும் மோட்டார் இந்த நான்கும் போகாது. நான்கில் ஒன்று இருந்தாலும் மற்ற மதிப்பெண்களைக் கூட்டிப் பார்ப்பது வீண். அலமாரியில் வைத்துப் பார்க்க மட்டும் வேண்டுமென்றால் கடைசி இரண்டையும் மன்னிக்கலாம், முதல் இரண்டை அல்ல.

19. 'என்' (N) அளவுல இருக்கறதுக்கும் இதே சோதனைதானா?

முறை ஒன்றே, எண்கள் வேறு. அளவு 1:160, தண்டவாள இடைவெளி 9 மி.மீ., என்டபிள்யூ2வின் நீளம் 84.6 மி.மீ. வேகக் கணக்கில் 313க்குப் பதில் 576. எடை மிகக் குறைவு என்பதால் 11-ஆம் கேள்வியின் மின்தொடர்புச் சோதனைக்கே பாதி மதிப்பெண் கொடுக்கலாம். 12-இல் ஊன்றுகோல் என்று சொன்ன கெப்பாசிட்டர், இந்த அளவில் நியாயமான தேவைதான்.

20. பழசு ஒண்ணு வருது. ஓட்டிப் பாக்க முடியாது, கையில எடுத்துதான் பாக்கலாம். எதைப் பாக்கட்டும்?

நடைமேடையின் ஓரத்தையும் அடிச்சட்டத்தையும் பாருங்கள். துத்தநாகக் கலவை வார்ப்பில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்திருந்தால், பல ஆண்டுகள் கழித்து அது உள்ளிருந்தே உப்பி, வெடித்து, பொடியும். மேல்கூடு விரிந்து நிற்பது, சட்டத்தில் மயிரிழை விரிசல், சாம்பல் பொடி இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வேண்டாம், அதற்கு மருந்தில்லை.

அடுத்து, சக்கரங்களை நகத்தால் சுற்றிப் பாருங்கள். வார்ம் கியர் என்பதால் சுற்றாது. ஆனால் ஒவ்வொரு சக்கரமும் மிகச் சிறிதளவு முன்பின் ஆட வேண்டும். துளியும் ஆடாவிட்டால் கிரீஸ் இறுகிக் கெட்டியாகியிருக்கும், கழற்றிச் சுத்தம் செய்தால் பிழைக்கும். ஒரு சக்கரம் மட்டும் தாராளமாகச் சுற்றினால் 13-ஆம் கேள்வியில் சொன்ன கியர் விரிசல். பிறகு எஞ்சினின் நம்பரை அட்டைப்பெட்டியின் நம்பரோடு ஒப்பிடுங்கள். இரண்டு எஞ்சினின் மேல்கூடு மாறிக் கிடப்பது அபூர்வமில்லை.

21. ஒரே மாடல் ரெண்டு வாங்கினேன், சேத்து ஓட்டினா ஒண்ணை ஒண்ணு தள்ளுது. எது பழுது?

பழுது எதுவும் இல்லாமலே இப்படி நடக்கும். 9-ஆம் கேள்வியின் 1 மீட்டர் சோதனையை இரண்டுக்கும் தனித்தனியாக, மூன்று வேகத்தில் நடத்துங்கள்: முதல் படி, நடுப் படி, உச்சம். முன்னும் பின்னும். வேகமானதை மெதுவானதற்கு இறக்குங்கள். ஏற்றப் பார்க்க வேண்டாம். உச்சத்துக்கு சிவி5, நடுவுக்கு சிவி6, தொடக்கத்துக்கு சிவி2. மூன்றும் போதாவிட்டால் சிவி67 முதல் 94 வரையிலான வேக அட்டவணை இருக்கிறது. அதை இயக்க சிவி29இல் 16ஐக் கூட்ட வேண்டும், 6 இருந்தால் 22. இரண்டு எஞ்சினிலும் சிவி3, சிவி4 ஒரே மதிப்பில் இருக்கட்டும்.

இவ்வளவு செய்தும் ஒன்று மட்டும் முன்னால் போவதற்கும் பின்னால் போவதற்கும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேகம் மாறினால், அப்போது அந்த ஒன்றைத் திறந்து வார்மின் முனை இடைவெளியைப் பாருங்கள்.